கோலாலம்பூரில் முதல் தடவையாக ரெய்கிக்குப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மூன்று வாரத்துக்கு ஒன்று என்று ஆறு கீமோ போட வேண்டும் என்றார்கள். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அம்மாவுக்கு ராத்தூக்கமே இல்லை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டு அக்காதான், "ரெய்கிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாரேன், மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் எங்கே போவது, யாரிடம் போவது, எவ்வளவு கொடுப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாரக்கணக்கில் அலைந்தேன். ஓர் இடத்தில் பணம் போனது, இன்னோர் இடத்தில் அம்மாவின் சிகிச்சையே கெட்டுப்போக இருந்தது. கடைசியில் நல்ல ஒருவர் கிடைத்தார். உங்கள் வீட்டிலும் உடம்பு முடியாத ஒருவர் இருந்தால் அந்த அலைச்சல் உங்களுக்கு மிஞ்சட்டும்.

முதலில் ரெய்கி என்றால் என்ன என்று இரண்டு வரியில். உடுத்திய உடையோடு படுக்கவைத்து, தலை, தோள், நெஞ்சு, வயிறு, முதுகு என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் உள்ளங்கையை லேசாக வைப்பார்கள், அல்லது தொடாமல் சற்று மேலே பிடிப்பார்கள். எண்ணெய் இல்லை, அமுக்குவது இல்லை, ஊசி மருந்து எதுவும் இல்லை. எந்த நோயையும் இது குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. அவர்கள் சொல்லும் "சக்தி"யை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு மணி நேர நிம்மதியும் அன்றைக்கு ராத்திரி நான்கைந்து மணி நேரத் தூக்கமும். கீமோ நாட்களில் அது சின்ன விஷயமில்லை. அதற்காகத்தான் போனோம், அதற்குமேல் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

1. டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்

"இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் திட்டுவார்" என்று நினைத்து மறைப்பவர்கள்தான் அதிகம். நானும் ஒரு மாதம் மறைத்தேன். சொன்னபோது அவர் திட்டவில்லை. மூன்று கேள்வி கேட்டார்: குடிக்கவோ சாப்பிடவோ ஏதாவது தருகிறார்களா? உடம்பை அழுத்துகிறார்களா? கீமோ தேதியை மாற்றச் சொல்கிறார்களா? மூன்றுக்கும் "இல்லை" என்றதும், போகலாம் என்றார்.

அந்த மூன்று கேள்வியை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெய்கி செய்யும் இடத்தில் மூலிகைத் தேநீர், பொடி, "சக்தி ஏற்றிய" தண்ணீர் என்று ஏதாவது விற்பது சாதாரணம். கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் எதையும் உள்ளே விடக்கூடாது. சில மூலிகைகள் ஈரலில் மருந்து வேலை செய்யும் விதத்தையே மாற்றிவிடும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். கீமோ போட்டு ஏறக்குறைய 7 முதல் 14 நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் அடைத்த அறையில் நாலு பேர் வந்துபோகும் இடத்துக்கு அழைத்துப்போவது ஆபத்து. நாங்கள் மூன்றாவது வாரத்தில்தான், அடுத்த கீமோவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு போவோம். உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் என்று டாக்டரிடமே கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் ரெய்கியும் வேண்டாம், வீட்டு வைத்தியமும் வேண்டாம், நேராக மருத்துவமனை.

2. "அரசாங்க அங்கீகாரம்" என்ற சொல்லில் மயங்காதீர்கள்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள், தங்க நிற முத்திரைகள். சுகாதார அமைச்சில் பதிவு பெற்றவர் என்றுதான் நினைத்தேன்.

நம் நாட்டில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கு 2016ஆம் ஆண்டின் சட்டம் 775 இருக்கிறது. அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகள் ஏழு: பாரம்பரிய மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், இஸ்லாமிய மருத்துவ முறை, ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி. சித்தாவும் ஆயுர்வேதமும் இந்திய மருத்துவத்துக்குள் வரும். ரெய்கி இந்த ஏழில் இல்லை. ஆகவே "நான் அமைச்சு அங்கீகரித்த ரெய்கி மாஸ்டர்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது சரியில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அவர் ஹோமியோபதிக்கோ சீன மருத்துவத்துக்கோ பதிவு பெற்றவராக இருக்கலாம். அந்தப் பதிவு அந்தத் துறைக்கு மட்டும்தான்.

சுவரில் தொங்கும் சான்றிதழ் பெரும்பாலும் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் கொடுத்தது. ரெய்கியில் பொதுவாக மூன்று நிலை. முதல் நிலை தனக்கும் வீட்டாருக்கும் செய்ய, இரண்டாம் நிலை மற்றவர்களுக்குச் செய்ய, மூன்றாம் நிலை "மாஸ்டர்", அதாவது சொல்லிக்கொடுக்க. ஒவ்வொரு நிலைக்கும் இடையில் மாதக்கணக்கில் பழகவைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், ஒரே சனி ஞாயிறில் மூன்றையும் முடித்துக் கையில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு சான்றிதழும் சுவரில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் தேதியைப் பாருங்கள். முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவில் எவ்வளவு நாள் என்று கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று விளம்பரம். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் உட்பட 20 வகை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் "கேன்சர் குணமாகும்" என்று இருந்தால் அந்த எண்ணைக் கூப்பிடவே வேண்டாம். சட்டத்தை மதிக்காதவர் உங்கள் அம்மாவின் உடம்பை மட்டும் மதிப்பாரா?

அரசாங்க மருத்துவமனைக்குள்ளேயே ஏதாவது துணைச் சிகிச்சை வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, பல மருத்துவமனைகளில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு வந்துவிட்டது. அக்குபங்சர், பாரம்பரிய உடற்பிடிப்பு (மசாஜ்), புற்றுநோயாளிகளுக்கான துணை மூலிகைச் சிகிச்சை எல்லாம் அங்கே உண்டு. எல்லா மருத்துவமனையிலும் எல்லாமும் இருக்காது. உங்கள் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

3. வியாபாரப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை நான் செய்யாமல் விட்டதால்தான் கட்டிய 1,200 வெள்ளியில் (ரிங்கிட்) பெரும்பகுதி திரும்பி வரவில்லை, அந்தக் கதை அடுத்த படியில் வருகிறது. ரெய்கிக்கு அரசாங்கப் பதிவு இல்லை என்றாலும், பணம் வாங்கித் தொழில் செய்பவர் எஸ்எஸ்எம் என்று நாம் சொல்லும் நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பதும் சட்டம். வியாபாரப் பெயர், பதிவு எண், காலாவதி தேதி மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கடமாக இருந்தால், "கம்பெனி பேர்ல ரசீது வேணும், அதான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் முகம் சுளிக்கமாட்டார்.

4. விலை, பேக்கேஜ், ரசீது

பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா, சுபாங் பக்கம் நான் விசாரித்த ஆறு இடத்திலும் ஒரு மணி நேரத்துக்கு 100 வெள்ளியிலிருந்து 250 வெள்ளி வரை சொன்னார்கள். கடைசியில் நாங்கள் நிலைத்த இடத்தில் 120. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி கட்டிப் பழகிய குடும்பத்துக்கு இது பெரிய தொகை. மெடிக்கல் கார்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். மாற்று மருத்துவத்தைக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பொதுவாக விலக்கிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் விதிவிலக்குப் பகுதியைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு கிராப் போக வர 30 வெள்ளி ஆகிவிடும், மழை பிடித்தால் இன்னும் அதிகம். சொந்தக் காரில் போனால் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் பார்க்கிங் தேடியே அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரம் நோயாளியும் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது என் கதை. முதலில் போன இடத்தில் ஒரு தடவைக்கு 150, பத்துத் தடவை பேக்கேஜ் எடுத்தால் 1,200 என்றார்கள். 300 வெள்ளி மிச்சம் என்று அங்கேயே தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்கு டூயிட்நவ் செய்தேன். ரசீது என்று கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அதில் முழுப்பெயர்கூட இல்லை. அம்மா இரண்டு தடவை போனார். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்து ஐந்து நாள் வார்டில் இருந்தார், அதன்பிறகு பல வாரம் வெளியே போகவே தெம்பில்லை. திரும்பப் போனபோது, பேக்கேஜுக்குக் காலக்கெடு உண்டு, அது முடிந்துவிட்டது என்றார்கள். அப்படி ஒரு விதி இருப்பதை யாரும் முன்னால் சொல்லவில்லை. எட்டுத் தடவைக்கான பணம் அப்படியே போயிற்று.

கீமோ எடுப்பவரின் உடம்பு அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஒரு தடவைக்கு ஒரு தடவை பணம் கட்டுங்கள். பேக்கேஜ்தான் என்று வற்புறுத்தினால் வேறு இடம் பாருங்கள். முன்பணம் கேட்டால், உடம்பு முடியாமல் தேதி மாற்றினால் அது நிற்குமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

5. போனில் கேட்க வேண்டியவை

நேரில் போய்விட்டால் மறுத்துப் பேச நமக்குக் கூச்சம் வந்துவிடும். போனிலேயே கேளுங்கள். நான் கடைசியாக ஒரு தாளில் எழுதிவைத்துக் கேட்டவை:

நீங்கள் எந்த நிலை வரை, எந்த வருடம் முடித்தீர்கள்?
கீமோ எடுப்பவர்களுக்குச் செய்திருக்கிறீர்களா?
தொட்டுச் செய்வீர்களா, தொடாமலா? தொடவேண்டாம் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?
நான் அறைக்குள் கூடவே உட்காரலாமா?
ஊதுபத்தி, வாசனை எண்ணெய் வைப்பீர்களா?
உங்கள் இடம் எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கோலாலம்பூர் கடைவீடுகள் பலவற்றில் மேல்மாடிக்கு லிஃப்ட் இருக்காது, படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். முதல் இடத்தில் 22 படி. அம்மா பன்னிரண்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, "நீ முன்னால போம்மா, நான் மெதுவா வர்றேன்" என்றார். மேலே போய்ச் சேர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. நிம்மதி தேடிப் போன இடத்தில் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

வாசனையும் அப்படித்தான். கீமோ எடுப்பவர்களுக்குச் சாம்பிராணிப் புகைகூடக் குமட்டும். வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னால் அறையைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருப்பார்கள்.

இரண்டாவதாக நான் பேசிய ஒருவர், பேச்சோடு பேச்சாக, "கீமோ போட்டுக்கிட்டே இருந்தா சக்தி உள்ள இறங்காதும்மா, ரெண்டு மாசம் நிறுத்திட்டு வாங்க" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஊசிக்குப் பயந்திருந்த அம்மாவுக்கு அந்தப் பேச்சு இனித்தது. இரண்டு நாள் அம்மாவிடம் பேசிப் பேசித்தான் நான்காவது கீமோவுக்கு அழைத்துப்போனேன். மருந்தை நிறுத்து, அளவைக் குறை, தேதியைத் தள்ளிப்போடு என்று யார் சொன்னாலும் அந்த நிமிடமே போனை வைத்துவிடுங்கள். நோயாளி காதில் விழாத இடத்தில் நின்று பேசுங்கள், நான் செய்த தவறு அது.

6. கையில் எடுத்துப்போக வேண்டியவை

அடையாள அட்டை, மருத்துவமனைத் தவணை அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் (மருந்து உறையைப் படம் எடுத்தாலே போதும்), வார்டு அல்லது புற்றுநோய்ப் பிரிவின் தொலைபேசி எண். நெஞ்சுக்கு மேல் கீமோ போர்ட் (மருந்து ஏற்றுவதற்குத் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் கருவி) வைத்திருந்தால் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவ அறிக்கைகளின் அசல் எதையும் கொடுக்க வேண்டாம். நகலும் தேவையில்லை, ரெய்கிக்கு அது எதற்கு?

சில இடங்களில் ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள். ரெய்கி மருத்துவச் சிகிச்சைக்கு மாற்று அல்ல என்று அதில் எழுதியிருந்தால் அது நல்ல அடையாளம். "கட்டணம் எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரி இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அதைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

7. அன்றைய நாள்

பருத்தி உடை, முன்பக்கம் பட்டன் போட்டது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். இட்லி இரண்டு போதும். உடையைக் கழற்றச் சொல்ல ரெய்கியில் எந்தக் காரணமும் இல்லை. கழற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்ணுக்குப் பெண்தான் செய்ய வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

மூன்றாவதாகக் கிடைத்த அந்த நல்ல அம்மையாரிடம் முதல் நாள் போனபோது, அம்மா கட்டிலைப் பார்த்துவிட்டு ஏற மறுத்தார். என்னவென்று கேட்டால், தலைமாடு வடக்கே இருக்கிறதாம். எனக்கு அவசரமாக இருந்தது, "பரவால்லம்மா, படுங்க" என்றேன். அந்த அம்மையார்தான், "ஆன்ட்டிக்கு மனசு ஒப்பலேன்னா அப்புறம் எப்படிக் கண்ண மூடுவாங்க?" என்று சொல்லித் தலையணையை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். இடது நெஞ்சுப் பக்கம் போர்ட் இருக்கிறது என்றதும் அந்த இடத்துக்கு வந்தபோது கையை ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக்கொண்டார். பாதத்தில் கை வைத்தபோது, கீமோவால் மரத்துப்போயிருந்த விரல்களை அம்மா லேசாக அசைத்தார். கொஞ்ச நேரத்தில் சன்னமாகக் குறட்டை கேட்டது. பல வாரத்துக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

முடிந்ததும் உடனே எழுந்திருக்க விடாதீர்கள், தலை சுற்றும். ஐந்து நிமிடம் பக்கவாட்டில் படுக்கவைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் நடை. அடுத்த ஆளுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டும் இடமாக இருந்தால் அடுத்த முறை அங்கே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை தடவை எழுந்தார், என்ன சாப்பிட்டார். மூன்று தடவை போய்ப் பார்த்து நோட்டில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். "இன்னும் பத்துத் தடவை வந்தால்தான் தெரியும்" என்ற பேச்சுக்கு மசியாதீர்கள்.

8. பணம் ஏமாந்துவிட்டால்

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதல் எண் படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்சிட்டு இணையுங்கள்.

நான் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். எதிர்த் தரப்பின் பெயர், முகவரி எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. என்னிடம் இருந்தது எல்லாரும் அவரைக் கூப்பிடும் செல்லப் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும்தான். கடையையும் அதற்குள் காலி செய்துவிட்டார்கள். மூன்றாவது படியில் பதிவு எண்ணைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

9. தொடர்ந்து போக முடியாவிட்டால்: முதல் நிலையைக் கற்றுக்கொள்ளலாம்

மாதம் இரண்டு தடவை போனாலே போக்குவரத்தோடு 300 வெள்ளி. ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு அந்த அம்மையாரே, "நீங்க முதல் நிலை கத்துக்கிட்டா வீட்டுலயே செஞ்சுக்கலாமே" என்றார். எங்களுக்கு ஆளுக்கு 350 வெள்ளி. வேறு இடங்களில் 800 வரைகூடச் சொன்னார்கள். ஒரு நாள் வகுப்பு, ஆசிரியர் செய்யும் தீட்சை, பிறகு 21 நாள் தினமும் தனக்குத்தானே செய்துகொள்ளும் பழக்கம். ரெய்கியை ஜப்பானில் தொடங்கிய மிகாவோ உசுயி வகுத்த ஐந்து வாக்கியங்களையும் சொல்லிக்கொடுப்பார்கள். "இன்று மட்டும் கோபப்படாதே, இன்று மட்டும் கவலைப்படாதே" என்று அது போகும். அம்மா இரண்டாவது வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

முதல் நிலை முடித்த கையோடு இரண்டாம் நிலைக்கும் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். வீட்டுக்குச் செய்துகொள்ள முதல் நிலை போதும்.

வகுப்பு நாளையும் அந்த 7 முதல் 14 நாள் கணக்கைப் பார்த்தே குறியுங்கள். எங்கள் வகுப்பு காலை 9 முதல் மாலை 5 வரை. அவ்வளவு நேரம் உட்கார அம்மாவால் முடியாது என்று பதிவு செய்யும்போதே சொல்லி, மதியம் ஒரு மணி நேரம் படுக்க இடம் கேட்டு வாங்கினோம். உங்களுக்கும் தேவைப்பட்டால் பணம் கட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.